வாடும் செடி யார் கணக்கில்?

ஓசூருக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரத்தை, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கித் தருகிறேன். மாமனார் பெயரில் ஒன்றே முக்கால் ஏக்கர் நிலமும், ஓர் ஆழ்துளைக் கிணறும், இலவச விவசாய மின் இணைப்பும் இருக்கின்றன. கணவர் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரப் பணியாளர். பெங்களூரில் உள்ள ஒரு மொத்த விற்பனை நர்சரியின் முகவர் இவர்களை அணுகி, 1,000 சதுர மீட்டரில் பசுமைக்குடில் அமைத்தால் சாமந்தி, பெட்டூனியா போன்ற தொட்டிச் செடிகளை வளர்த்துத் தரும் வேலையை ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேர்விட்ட போத்து (தாய்ச்செடியிலிருந்து வெட்டி வேர்விடச் செய்த தண்டு), நாற்று, தொட்டி, கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கலவை ஆகியவை நர்சரியின் பொறுப்பு. குடில், தண்ணீர், உரம், மருந்து, ஆள்கூலி ஆகியவை வாசகியின் பொறுப்பு. தரமாக வளர்ந்த ஒவ்வொரு செடிக்கும் 9 ரூபாய், செடிகளை ஏற்றிச் சென்ற 60 நாட்களில் பணம். ஒரு முறைக்கு 20,000 செடி, ஆண்டுக்கு நான்கு முறை, ஆக 7,20,000 ரூபாய் வரவு என்று முகவர் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு ஈடாக 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட இரண்டு காசோலைகளும் கேட்கிறார்கள். குடிலுக்கு 14 லட்சம் ஆகும். வங்கி 11 லட்சம் கடன் தரத் தயாராக இருக்கிறது. “பாதி மானியமாக வந்துவிடும் என்பதால் பயமில்லை, கறிக்கோழி வளர்ப்பு போலத்தான் இதுவும் என்கிறார்கள். வேளாண் சட்டங்கள் ரத்தாகிவிட்டதால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். கழித்துப் போடும் செடிகளை ஓசூரில் விற்றுக்கொள்ளலாமா? அவற்றிலிருந்தே போத்து எடுத்து நாங்களாக ஒரு சிறு நர்சரி வைக்கலாமா? கணவர் வேலையை விட்டுவிடலாம் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டு, மூன்று பக்க ஆங்கில ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தை இன்னொருவரிடம் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது நல்லது. என்னிடம் வரும் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் காசோலை திரும்பிய பிறகுதான் வருகின்றன. இந்தத் தொழில் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கும் உங்கள் பகுதியின் மிதமான வெயில் பூச்செடிகளுக்கு ஏற்றது. சந்தையும் அருகில் இருக்கிறது. ஆனால் இப்போதுள்ள வடிவத்தில் இந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கான காரணம் 9 ரூபாய் குறைவா அதிகமா என்பதில் இல்லை.

செடி யாருடையது?

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், நிறுவனம் வழங்கும் செடிகள் எக்காலத்திலும் நிறுவனத்தின் உடைமையே என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், இறந்த செடிக்கும் தரமில்லை என்று ஒதுக்கப்பட்ட செடிக்கும் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் போத்தின் விலையை விவசாயியின் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யலாம் என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், செடி செழிப்பாக இருக்கும்வரை அவர்களுடையது. வாடிவிட்டால் அது உங்களுடையது. மற்ற எல்லா நிபந்தனைகளும் இந்த முரண்பாட்டின் கிளைகள்தான்.

சட்டம் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியே பார்க்கிறது. செடி அவர்களுடையது என்றால், நீங்கள் பிறருடைய பொருளை வளர்ப்பதற்காகப் பொறுப்பில் பெற்றவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போன்ற கவனத்துடன் அதைக் காக்க வேண்டியது உங்கள் கடமை. அவ்வாறு காத்தும் இழப்பு நேர்ந்தால் நீங்கள் பொறுப்பல்ல என்கிறது 152ஆம் பிரிவு. உழைப்பும் திறமையும் செலுத்தி அந்தப் பொருளுக்கு நீங்கள் செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கும் உரிமையை 170ஆம் பிரிவு தருகிறது. ஆனால் இவ்விரண்டு பாதுகாப்புகளும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரைதான் செல்லும். அந்த 5 ரூபாய் வரி இப்படி “வேறுவிதமாக” எழுதப்பட்டதுதான். அது தற்செயலாக வந்த வரி அன்று.

செடி உங்களுடையது என்றால், அதாவது நீங்கள் நாற்றை விலைக்கு வாங்கி வளர்த்து, வளர்ந்த செடியை அவர்களுக்கு விற்கிறீர்கள் என்றால், இழப்பின் சுமை விற்கும்வரை உங்கள் தலையில் இருக்கும். அதற்குப் பதிலாக, அவர்கள் எடுத்துச் செல்லாத செடியை நீங்கள் வேறு எவருக்கும் விற்கலாம். அழியும் தன்மையுள்ள சரக்கை, பணம் பெறாத விற்பனையாளர் நியாயமான காலத்துக்குள் மறுவிற்பனை செய்வதை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அத்துடன் விலையும் 9 ரூபாயாக இருக்க முடியாது. முழுச் செடியின் மொத்த விலையாக இருக்க வேண்டும்.

அனுபவமில்லாமல் கடனோடு தொடங்கும் உங்களுக்கு முதல் ஏற்பாடே பொருத்தம்: செடி அவர்களுடையதாகவே இருக்கட்டும், உங்களுக்கு வளர்ப்புக் கூலி வரட்டும். அப்படியானால் 5 ரூபாய்ப் பிடித்தம் நீக்கப்பட வேண்டும், அல்லது உங்கள் கவனக்குறைவு நிறுவப்பட்ட இழப்புக்கு மட்டும் என்று சுருக்கப்பட வேண்டும். எந்த நர்சரியிலும் ஒரு பகுதி செடிகள் சாகத்தான் செய்யும். எத்தனை சதவீதம் வரை இயல்பான இழப்பு என்பதைப் பயிர்வாரியாக எண்ணில் எழுதச் சொல்லுங்கள். நர்சரி நடத்துபவர்களுக்கு அந்த எண்ணிக்கை நன்றாகவே தெரியும்.

170ஆம் பிரிவின் உரிமையைப் பெரிதாக நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூத்து முடியப்போகும் சாமந்தியைக் கூலிக்காகப் பிடித்து வைத்தால் பத்து நாளில் அதற்கு விலையே இருக்காது. ஆகவே பணம் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே மாற்றி எழுதுவதுதான் உண்மையான பாதுகாப்பு. நாற்று இறங்கும் நாளில் ஒரு பகுதி, வண்டி ஏறும் நாளில் ஒரு பகுதி, மீதி 15 நாளில் என்று கேளுங்கள். இப்போதுள்ளபடி, ஏறத்தாழ மூன்று மாதம் வளர்த்து அதன்பின் 60 நாள் காத்திருந்தால் ஐந்தாம் மாதத்தில்தான் முதல் ரூபாயைப் பார்ப்பீர்கள்.

கறிக்கோழியும் தொட்டிச் செடியும்

பல்லடம், உடுமலைப் பகுதிகளில் நிறுவனம் குஞ்சும் தீவனமும் தர, விவசாயி கொட்டகையும் உழைப்பும் தந்து வளர்ப்புக் கூலி பெறும் முறை நீண்ட காலமாக இருக்கிறது. முகவர் அதைக் காட்டியிருப்பதில் வியப்பில்லை. ஏற்பாட்டின் வடிவம் ஒன்றுதான். (அங்கும் கூலியை உயர்த்தக் கோரி விவசாயிகள் போராடியிருக்கிறார்கள் என்பதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.) ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோழியைத் தராசில் நிறுத்துக் கூலி போடுகிறார்கள். தராசில் ஏமாற்றம் இருந்தாலும் அதை இன்னொரு தராசைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். தொட்டிச் செடியைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தப்படி அந்தக் கண் நிறுவன மேற்பார்வையாளருடையது. அவர் முடிவே இறுதியானது. சந்தை மந்தமாக இருக்கும் வாரத்தில் அந்தக் கண் மிகவும் கண்டிப்பாகிவிடும்.

இதற்குப் பரிகாரம், தரத்தை அளவாக மாற்றுவது. செடியின் உயரம் இத்தனை சென்டிமீட்டரிலிருந்து இத்தனை வரை, பக்கக்கிளை குறைந்தது இத்தனை, மொட்டு நிறம் காட்டத் தொடங்கிய நிலை, இலையில் புள்ளியோ இலைப்பேன் தழும்போ இல்லாமை என்று ஒவ்வொரு பயிருக்கும் ஒரு பக்கம் எழுதி, படத்துடன் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தரம் பிரிப்பது உங்கள் குடிலிலேயே, உங்கள் முன்னிலையில், வண்டி ஏறும் முன் நடக்க வேண்டும். ஏற்றிய செடி ஏற்கப்பட்ட செடி. பெங்களூருக்குச் சென்று இறங்கிய பிறகு “இத்தனை கழிந்தது” என்று வாட்ஸ்அப்பில் வரும் கணக்கை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கக் கூடாது.

அதேபோல, வரும் நாற்றையும் சோதிக்கும் உரிமை உங்களுக்கு வேண்டும். இலைப்பேன், வெள்ளை ஈ, வேரழுகல் ஆகியவை பல நேரங்களில் தாய்ச்செடி இருந்த இடத்திலிருந்தே போத்தோடு வந்து சேர்கின்றன. இறங்கிய 48 மணி நேரத்துக்குள் நீங்கள் படத்துடன் குறை தெரிவித்தால் அந்தச் செடிகள் எண்ணிக்கையில் சேராது என்று ஒரு வரி போதும். பெட்டிகளைத் திறந்தவுடன் எடுக்கும் படம் பின்னாளில் வழக்கறிஞரின் வாதத்தைவிட அதிகம் உதவும்.

இதைவிட முக்கியமானது, எடுத்துச் செல்லும் நாள். உங்கள் ஒப்பந்தத்தில் நிறுவனம் “தேவைக்கேற்ப” செடிகளை எடுத்துக்கொள்ளும் என்றுதான் இருக்கிறது; எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்பது முகவர் வாயால் சொன்னது. பண்டிகைக்கான செடி ஒரு வாரம் தாமதித்தால் யாருக்கும் வேண்டாததாகிவிடும். அதற்குள் அது உங்கள் குடிலில் இடத்தை அடைத்துக்கொண்டு, தண்ணீரும் மருந்தும் கேட்டுக்கொண்டு, அடுத்த நாற்றை இறக்க விடாமல் நிற்கும். நீங்கள் இந்தத் தொழிலில் விற்பது உண்மையில் இடத்தையும் நாட்களையும்தான். ஆகவே நாற்று இறங்கும் தேதி, எடுக்கும் தேதி, எடுக்காத ஒவ்வொரு வாரத்துக்கும் செடி ஒன்றுக்கு இத்தனை பைசா தங்கு கட்டணம், மூன்று வாரம் தாண்டினால் முழுக் கூலியும் தந்தாக வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை செடி தருவோம், தராவிட்டால் அதற்குரிய கூலியில் இத்தனை சதவீதம் தருவோம் என்ற உறுதியும் வேண்டும். அது இல்லாமல் “ஐந்து ஆண்டு ஒப்பந்தம்” என்பது உங்களை மட்டும் கட்டும் கயிறு.

முகவர் எழுதிக் கொடுத்த கணக்கு

1,000 சதுர மீட்டரில் 20,000 தொட்டி என்றால், நடைபாதையே இல்லாமல் குடிலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 20 தொட்டி நிற்க வேண்டும். நடக்கவும், மருந்தடிக்கவும், குழாய்க்கும், ஓரத்துக்கும் விட்டது போக மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தால் நல்ல அமைப்பு. நாற்றாக இருக்கும்போது தொட்டிகளை நெருக்கி வைக்கலாம். கிளை பரப்பத் தொடங்கியதும் விலக்கி வைக்காவிட்டால் செடி நெட்டையாகி, அதே மேற்பார்வையாளர் கழிக்கும் செடியாகிவிடும். எனவே 650 சதுர மீட்டருக்கு 13,000 தொட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு நான்கு முறையும் தடையில்லாமல் நடந்தால் 52,000 செடி, அதாவது 4,68,000 ரூபாய். நூற்றுக்கு எட்டு கழிந்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 4,30,000. இதில் 5 ரூபாய்ப் பிடித்தத்தை நான் சேர்க்கவில்லை.

11 லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 18,800 ரூபாய், ஆண்டுக்கு 2,26,000. நிரந்தரமாக ஓர் ஆளுக்கு மாதம் 12,000 கொடுத்தால் ஆண்டுக்கு 1,44,000. மீதி 60,000 ரூபாய். அதில்தான் உரம், மருந்து, வைப்புத்தொகைக்காக நீங்கள் அடகு வைக்கப்போகும் நகையின் வட்டி, உங்கள் இருவரின் உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். குடிலின் மேல்விரிப்பாக 200 மைக்ரான் புற ஊதாத் தடுப்புப் பாலித்தீனைப் போட்டாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குள் அந்தச் செலவு ஒருமுறை உறுதியாக வரும். சித்திரை, வைகாசியில் கோடைமழையோடு வரும் சூறைக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணப் பயிர்க் காப்பீடு குடிலின் கட்டமைப்பைக் காக்காது. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், அதன் தவணைத் தொகையும் இந்தக் கணக்கில் இல்லை.

மானியத்தைப் பொறுத்தவரை உங்கள் எண்ணத்தில் இரண்டு திருத்தங்கள். தோட்டக்கலைத் துறை வழியாகக் கிடைக்கும் 50 சதவீதம் என்பது நீங்கள் செலவழித்த தொகையில் பாதி அன்று. சதுர மீட்டருக்கு அரசு நிர்ணயித்த செலவு வரம்பில் பாதி. உங்கள் விலைப்புள்ளி அந்த வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதி முழுவதும் உங்களுடையது. அடுத்து, அந்தத் தொகை குடில் கட்டி, ஆய்வு முடிந்த பிறகு வருவது. முன் அனுமதி ஆணை கைக்கு வரும் முன் கம்பி நட்டால் மானியமே கேள்விக்குறியாகிவிடலாம். ஆகவே வங்கிக்குப் போகும் முன் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் பதிவதற்கும் அங்கேயே உதவுவார்கள். அப்படியே தளியில் உள்ள கொய்மலர் மகத்துவ மையத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். இந்திய–இஸ்ரேல் ஒத்துழைப்பில் அமைந்த அந்த இடத்தில் குடிலுக்குள் வேலை எப்படி நடக்கிறது என்பதை நேரிலேயே காணலாம்.

ரத்தானது எந்தச் சட்டம்?

முகவர் சொன்னதில் பாதி உண்மை. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று விலை உறுதி ஒப்பந்தங்களைப் பற்றியது. மூன்றும் 2021 நவம்பர் இறுதியில் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டன. ஆனால் தமிழ்நாடு அதற்கு முன்பே, 2019இல், ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனியாக ஒரு சட்டத்தை இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. மத்தியச் சட்டம் நீங்கியதால் மாநிலச் சட்டம் நீங்கிவிடவில்லை. ஒப்பந்தம் செய்த நாளில் நிர்ணயித்த விலை, பின்னர் சந்தை சரிந்தாலும் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் மையம். ஒப்பந்தத்தை வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. பதிவு தேவையில்லை என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னால், பதிவு அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பது நம் உரிமை.

இந்தச் சட்டம் உங்களுக்கு முழுக் கவசமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அலங்காரத் தொட்டிச் செடி அதன் வரையறைக்குள் வருகிறதா என்பதைக் கிருஷ்ணகிரியில் உள்ள அத்துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் பெறுங்கள். வந்தால் பதிவு செய்தே தொடங்குங்கள். வராது என்று பதில் வந்தால் உங்களைக் காப்பது ஒப்பந்த வரிகள் மட்டுமே என்பதால், மேலே சொன்ன திருத்தங்கள் இன்னும் அவசியமாகின்றன.

வரியைப் பற்றி இரண்டு வரிகள். நர்சரியில் வளர்த்த நாற்று, கன்றுகளிலிருந்து வரும் வருமானத்தை விவசாய வருமானமாகவே கொள்ள வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 2008இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஆனால் செடி நிறுவனத்துடையது, நீங்கள் பெறுவது கூலி என்றால், அது விவசாய வருமானமா சேவைக்கான கட்டணமா என்று கேட்க இடமிருக்கிறது. நிறுவனம் உங்கள் பணத்தில் ஒப்பந்த வேலைக்கான வரிப் பிடித்தம் செய்கிறதா என்று கவனித்து, முதல் ஆண்டிலேயே ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். இலவச மின் இணைப்பை இந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. பின்தேதியிட்டு வரும் அபராதக் கட்டணம் இந்தச் சிறு லாபத்தைத் தின்றுவிடும்.

காசோலை, வைப்புத்தொகை, நடுவர்

தொகை நிரப்பாத காசோலையைத் தராதீர்கள். “வெற்றுக் காசோலை நீதிமன்றத்தில் செல்லாது” என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்றவர் தொகையை நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். வழக்கோ மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் வரும் குற்ற வழக்கு. தங்கள் தொட்டிக்கும் போத்துக்கும் பிணை வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு வைப்புத்தொகை ஒன்றே போதும். அதையும் ஒரு முறைக்கு இறங்கும் நாற்றின் விலைக்கு மேல் போகாமல் குறைத்து, ஒப்பந்தம் முடிந்த 30 நாளில் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். 13,000 போத்துக்கு 5 ரூபாய் வீதம் 65,000தான் வருகிறது. 2 லட்சம் எதற்கு?

தகராறு வந்தால் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவர் பெங்களூரில் விசாரிப்பார் என்ற வரியும் இருக்கிறது. வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒருவர் தாமாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்பளித்துவிட்டதால், அந்த வரி அப்படியே நிற்காது. ஆனாலும் அதை உடைக்க நீங்கள் முதலில் ஒரு வழக்கு நடத்த வேண்டும். இருவரும் ஒப்புக்கொள்ளும் நடுவர், விசாரணை இடம் ஓசூர் என்று இப்போதே மாற்றுவது அதைவிட மலிவு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூன்று ஆண்டுகள் வேறு நர்சரிக்கு வளர்க்கக் கூடாது என்ற தடையைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் இருக்கும் தடை செல்லும். அவர்கள் நாற்றே தராத மாதங்களுக்கு மட்டும் அந்தத் தடை நீங்கும்படி விலக்குக் கேளுங்கள்.

கழித்த செடியும் சொந்த நர்சரியும்

செடி நிறுவனத்துடையது என்ற ஏற்பாட்டில், கழித்த செடியும் அவர்களுடையதே. அவர்கள் அனுமதிக்காமல் விற்பது நம்பிக்கை மோசடி என்று புகாராகும் அபாயம் உண்டு; அவர்கள் பெயர்ச்சீட்டு ஒட்டிய தொட்டியில் விற்றால் வணிகச் சின்னச் சிக்கலும் சேரும். 5 ரூபாயைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் அந்தச் செடி உங்களுக்கு விற்கப்பட்டதாகக் கருதி, பெயர்ச்சீட்டை நீக்கி எங்கும் விற்கலாம் என்று ஒரு வரி கேளுங்கள். இது பெரும்பாலும் கிடைக்கும்.

போத்து எடுத்துப் பெருக்குவது வேறு. “விவசாயிக்கு விதை உரிமை உண்டே” என்று கேட்டிருக்கிறீர்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தம் விளைபொருளைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு விரிவான உரிமை தருகிறது என்பது உண்மைதான். 2019இல் குஜராத்தில் எப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்துக்காகப் பெப்சிகோ நிறுவனம் விவசாயிகள் மேல் தொடுத்த வழக்குகளைப் பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றதையும் படித்திருப்பீர்கள். ஆயினும் அந்த ரகத்தின் பதிவு 2021இல் ரத்தாகி, 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கியது. இவ்வளவு நீண்ட சண்டைக்கு ஒரு சிறு குடும்பம் தாங்காது. உங்கள் நிலையில் தடை அந்தச் சட்டத்திலிருந்துகூட வரவில்லை: வளர்க்கத் தந்த பிறர் செடியிலிருந்து போத்து எடுக்கக் கூடாது என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சொந்த நர்சரி உங்கள் கனவு என்றால், ஒன்றே முக்கால் ஏக்கரில் இந்தக் குடிலுக்கு வெளியே, உள்ளூர் ரகங்களையும் குழித்தட்டுக் காய்கறி நாற்றுகளையும் வைத்துத் தொடங்குங்கள். விற்பனைக்கு விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983இன்கீழ் உரிமம் பற்றி விதை ஆய்வுத் துறையில் விசாரியுங்கள். அதற்கு நிறுவனத்தின் தடை பொருந்தாது என்பதையும் ஒப்பந்தத்தில் பெயர் குறித்து எழுதிக்கொள்ளுங்கள்.

நிலமும் வேலையும்

பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது. கடனும் ஒப்பந்தமும் உங்கள் பெயரில் வரப்போகின்றன. அவர் சம்மதம் வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். கணவரின் உடன்பிறந்தோருக்கு அந்த நிலத்தில் பங்கு இருக்குமானால், 14 லட்சத்தை அதன் மேல் ஊன்றுவதற்கு முன் அவர்களோடு பேசி எழுதிக்கொள்வது குடும்பத்துக்கும் நல்லது. விவசாய நிலத்தை வங்கி எடுக்க முடியாது என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றும் சர்பேசி சட்டத்திலிருந்து மட்டுமே விவசாய நிலத்துக்கு விலக்கு. அதுவும் நிலம் உண்மையில் விவசாயத்தில் இருப்பதைக் காட்டினால்தான். நீதிமன்ற வழி வங்கிக்கு எப்போதும் திறந்தே இருக்கும்.

கணவர் இப்போது வேலையை விட வேண்டாம். மேலே உள்ள கணக்கில் தவணையைக் கட்டப்போவது அவர் சம்பளம்தான். 1,000 சதுர மீட்டருக்குப் பதிலாகப் பாதியில் நிழல்வலைக் குடில் அமைத்து, ஓராண்டு ஒப்பந்தமாக, இரண்டு அல்லது மூன்று முறை வளர்த்துப் பார்க்க நர்சரி சம்மதிக்குமா என்று கேளுங்கள். கோடையில் எத்தனை செடி சாகிறது, மேற்பார்வையாளர் எப்படிக் கழிக்கிறார், பணம் 60 நாளில் வருகிறதா 90 நாளில் வருகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அவர்களுக்கு ஏற்கெனவே வளர்த்துத் தரும் இரண்டு மூன்று விவசாயிகளின் ஊரைக் கேட்டுச் சென்று, முகவர் இல்லாமல் பேசுங்கள். கடைசியாகப் பணம் வந்த தேதியைக் கேளுங்கள்.

திருத்தங்களை முகவரிடம் வாயால் சொல்லாமல், ஒப்பந்தத்தின் தமிழாக்கம் ஒன்றையும் கேட்டு, நிறுவன முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 5 ரூபாய்ப் பிடித்தம், குறைந்தபட்ச எண்ணிக்கை, எடுக்கும் தேதி, வெற்றுக் காசோலை ஆகிய நான்கில் மூன்றையாவது மாற்ற அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் விலகிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால், திருத்திய நகலைக் கையெழுத்துக்கு முன் ஓசூரிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவரை நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போக வேண்டாம்.